தவளைகளுக்கு முந்நூறு ரூபாய்

இசைத்தட்டு வந்துவிட்டது.
உறைமேல் எமிமாள் செல்லோவைத் தோளில் சாய்த்திருக்கிறாள்.
பின்னால், மங்கலாக, ஆசீர் தவசிங்கும் பியானோவும்.
மூன்று சொனாட்டாக்கள்.
எழுதியவர்கள் பனியில் நடந்து இருமிச் செத்தவர்கள்.
வாசித்தது பாளையங்கோட்டையில், கார் சாகுபடிக்கு
அணை திறந்த வாரத்தில்.

என் பெயர் கடைசிப் பக்கத்தில்,
டீ கொடுத்தவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
ஒரு கால் விட்டுப்போய், பியூல.

பகலில் நான் சார்பதிவாளர் அலுவலகத்தில்
பத்திரம் திருப்புகிறவள்.
அங்கே தாள் எவ்வளவும் சத்தம் போடலாம்.
இங்கே போட்டால் முதலிலிருந்து.
ஆசீர் ஈயை விரட்டுவதுபோல் தலையை அசைப்பார்.
அதற்குள் என் விரல் மேல் மூலையில் இருக்க வேண்டும்.
வளையலைக் கழற்றினேன்.
மூச்சையும், ஏறக்குறைய.

கடைசி பஸ் போன பிறகுதான் தொடங்குவோம்.
மின்விசிறி கூடாது. முனகும் எதுவும் கூடாது.
செல்லோவுக்கும் வியர்க்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது;
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எமிமாள்
முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

முதல் இரவே அசன் கனி ஹெட்போனைக் கழற்றினான்.
"தவளை."

வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்று நாள்.
எண்ணெய் காணாத ஆயிரம் கதவுகள்
யாரும் தள்ளாமலே ஆடிக்கொண்டிருந்தன.

ஆள் நடந்தால் வாயை மூடும் என்றார் வாட்ச்மேன்.
மச்சினன் ஒருத்தன் சும்மாத்தான் இருக்கான் என்றார்.
கொம்பையா வந்தது அப்படி. ராத்திரிக்கு முந்நூறு.
கரையில் இருநூறு அடி போக, இருநூறு அடி வர.
செருப்புச் சத்தம் கேட்கும், வெறுங்கால்தான்.
"பாம்பு கிடக்குமேவே" என்றார்,
கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.
"நிக்கப்படாது. நின்னா அதுக கத்தும்."
"நான் எதுக்கு நிக்கேன்?"

நான்கு இரவுகள்.
உள்ளே நானும் வெளியே அவரும்,
கேட்காமல் இருப்பதற்குக் கூலி.

இரண்டு மணி டீயில் ஒருமுறை கேட்டார்:
"அந்தப் பெரிய பிடிலு, அதை எதுக்குத்
தரையில குத்தி வச்சிருக்காவ?"
அடியில் கம்பி இருக்கிறது, வழுக்காமல் நிற்க, என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அதான் காலுல கேக்கு."

இன்று மத்தியானம், ஆபீஸில் யாருமில்லாத நேரம்,
காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.
இரண்டாவது சொனாட்டா, மெதுவான பகுதி.
பியானோ ஒதுங்கிக்கொள்கிறது.
செல்லோ மட்டும் ஒரு அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு
விடவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் வலுவில்லாமல்.

அதற்குக் கீழே
ஒரு தவளை.

ஓட்டி மறுபடி கேட்டேன். ஒன்றேதான்.
பிறகு தயங்கி இன்னொன்று.
பிறகு சட்டென்று இரண்டும் இல்லை.

அசன் கனிக்குக் கேட்காமல் இருக்காது.
எறும்பு தும்மினால் அறுத்து எறிகிறவன் அவன்.

பதினோரு விநாடி.
பதினோரு விநாடி கொம்பையா வேலை செய்யவில்லை.
டார்ச்சை அணைத்திருப்பாரோ என்னவோ.
சேற்றில் இரண்டு காலும் ஊன்றி நின்றிருக்கிறார்.

எனக்கும் ஞாபகம் வருகிறது அந்த இடம்.
ஆசீர் தலையசைத்தார்.
என் விரல் மூலையில் இருந்தது,
தாள் திரும்பவில்லை.
நான்கு கட்டம் அவர் மனப்பாடமாக வாசித்தார்.
முடிந்ததும் என்னைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.

கொம்பையா பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.
இன்னொரு தட்டு வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.
போட்டுக் கேட்க அவர் வீட்டில் ஒன்றும் இருக்காது.
இருந்தாலும் உறையில் இடத்தைக் குறித்துக் கொடுப்பேன்:
இரண்டாவது, ஆறு நிமிடம், பதினோரு விநாடி.

முந்நூறில் அன்று யாரும்
பிடித்தம் செய்யவில்லை.